அரிசிப் பாப்பாவுக்கு இருநூறு மணி நேரம்

ஜொகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும், மாதத்தின் முதல் திங்கட்கிழமை தன் செருப்பை எடைபோட்டுக் குறித்துவைக்கும் இன்னொரு மனிதரை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டாலும் கிடைக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். என் கணவர் அங்கேதான் வேலை செய்கிறார், விசாரித்துவிட்டேன்.

அவருடைய உண்மையான பெயர் பணியாளர் அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கூலாயில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவரைத் தேய்மானம் என்றார்கள். வயதில் சிறியவர்கள் மரியாதைக்கு ஓர் 'அண்ணன்' சேர்த்துக்கொண்டோம். பெக்கான் நானாஸிலிருந்து தினமும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். செருப்பில் இடது பக்கம்தான் அதிகம் தேய்கிறது, சமிக்ஞை விளக்கில் அந்தக் காலைத்தான் ஊன்றுகிறேன் என்று புள்ளிவிவரத்தோடு சொல்வார். நாம் கேட்டிருக்க மாட்டோம்.

அந்தத் தொழிற்சாலையில் நாங்கள் செய்தது வெண்கல புஷ். மின்விசிறி, துணி துவைக்கும் எந்திரம், பிரிண்டர், எதைத் திறந்தாலும் உள்ளே சுழலும் கம்பியைத் தாங்கிக்கொண்டு மோதிரம் போல ஒரு சின்ன வளையம் இருக்கும். அதுதான் புஷ். எங்கள் புஷ்ஷை உருக்கி வார்ப்பதில்லை. உலோகத் தூளை அழுத்தி, சூளையில் சுட்டு எடுப்போம். அதனால் அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளைகளில் எண்ணெயை ஏற்றிவிடுவோம். கம்பி சுழன்று சூடேறும்போது எண்ணெய் தானாகக் கசிந்து வரும். நின்று ஆறியதும் திரும்ப உள்ளே போய்விடும். வெளியிலிருந்து யாரும் எண்ணெய் விட வேண்டாம். விடவும் கூடாது.

அந்தப் புஷ் எவ்வளவு உராய்கிறது, எத்தனை மணி நேரத்தில் எத்தனை மில்லிகிராம் தேய்கிறது என்று பார்ப்பது எங்கள் சோதனைக்கூடத்தின் வேலை. நான் பட்டம் படித்த பொறியாளர். அவர் டெக்னீஷியன். தாளின்படி நான் அவருக்கு மேல். இதை நான் ஒருநாளும் நம்பவில்லை. அவருக்கும் அப்படி ஒரு தகவல் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

எந்திரத்துக்குள் என்ன சத்தம் என்று கேட்க, அண்ணன் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். புதிதாக வருகிறவர்கள் அவருக்குத் தலைச்சுற்றல் என்று நினைத்து நாற்காலி கொண்டுவருவார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கல். ஓடிக்கொண்டிருக்கும் சோதனையை நடுவில் நிறுத்த மாட்டார். தீயணைப்புப் பயிற்சி மணி அடித்தபோதுகூட, அளவைக் குறித்துக்கொண்டு கடைசி ஆளாக வந்தார். ஒருமுறை மின்சாரம் போய் எண்பது மணி நேரச் சோதனை கெட்டுப்போனது. மறுநாள் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தம்' என்று எழுதியிருந்தார்.

ஆண்டு விருந்தில் அவர் மனைவியை முதன்முதலாகப் பார்த்தேன். பேச்சு வராமல், "அண்ணே எல்லாத்தோட தேய்மானத்தையும் கணக்கா வச்சிருக்காரு அக்கா" என்றேன்.

"அப்படியா? இருவத்தாறு வருசமா நான் தேஞ்சது எத்தன கிராம்னு கேளு மா."

பக்கத்தில் மீ ஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "நீ ஏறியிருக்க," என்றார். அந்த அம்மா அவரைக் கரண்டியால் தட்டியது எங்கள் மேசைக்கு மட்டும் கேட்டது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் நான் ஒரு தப்புச் செய்தேன். எதிலும் சுத்தம் பார்க்கும் என்னைப் போன்றவர்கள் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு. மின்விசிறி செய்யும் வாடிக்கையாளர் ஒருவருக்காகப் பன்னிரண்டு புஷ்களை முந்நூறு மணி நேரச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை தட்டு எண்ணெயாக இருப்பதைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. தட்டைத் துடைத்து, டிஷ்யூவை இரண்டாக மடித்து விரித்து, பன்னிரண்டையும் வரிசையாக அடுக்கி, மேலே இன்னொரு டிஷ்யூ போட்டு மூடிவிட்டு, நல்ல வேலை செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை அவை எந்திரத்தில் ஏறின. புதன்கிழமை பன்னிரண்டும் கத்தின. சோதனைக்கூடமே பன்றிப் பண்ணை மாதிரி இருந்தது. மேலாளர் ஓடிவந்தார். அண்ணன் குப்பைத்தொட்டியைக் கிளறி, என் டிஷ்யூவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் பன்னிரண்டு மஞ்சள் வட்டங்கள்.

மறுநாள் காலை என் மேசையில் டிஷ்யூ விரித்து, அதன்மேல் கேன்டீன் வடை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. எனக்காக வாங்கியிருக்கிறார், கோபம் இல்லை என்று நினைத்து நன்றி சொல்லி எடுக்கப்போனேன்.

"தொடாதீங்க. டெஸ்ட்டு ஓடுது," என்றார்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து வடையைத் தூக்கினார். அடியில் தட்டு அளவுக்கு எண்ணெய் வட்டம்.

"பாத்தீங்களா தங்கச்சி? வடைக்கு என்னா ஆச்சோ அதான் என் புஷ்ஷுக்கும் ஆச்சு. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் உங்க டிஷ்யூ உறிஞ்சிருக்கு. துளையில ஒரு சொட்டு எண்ண இல்லாம அது எப்படி ஓடும், பாவம்?"

வடையை என்னிடம் கொடுத்தார். அதில் எண்ணெயே இல்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அறிக்கையில் என் பெயர் வந்தால் ஆகாது. இரண்டு நாள் அறிக்கை எழுதும் அண்ணன் மேசையைச் சுற்றியே நடந்தேன். அறிக்கை வந்தது. 'காரணம்: மாதிரிகள் டிஷ்யூ மேல் வைக்கப்பட்டன.' அடுத்த கட்டம், 'பொறுப்பாளர்.' அதில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.

"அண்ணே, என் பேரு..."

"ஃபார்ம்ல அந்த எடம் ரொம்பச் சின்னது. உங்க பேரு நீளம்," என்றபடி ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டார்.

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, பாப்பா பிறந்தாள். அந்த ஆண்டைப் பற்றி நினைவிருப்பது களைப்பு ஒன்றுதான். பால் புட்டியை இரண்டு முறை கொதிக்கவைத்தேனா, மூன்று முறையா என்ற சந்தேகத்தில் நான்காவது முறையும் கொதிக்கவைப்பேன். கணவர் விடிவதற்கு முன்னால் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடக்கக் கிளம்பிவிடுவார். மாமியாருக்குத் தங்காக்கில் துணிக்கடை வேலை. அம்மா குளுவாங்கில், முட்டி வலியோடு. எங்களுக்கு இருந்தது கீழ்மாடி சாந்தி அக்கா ஒருவர்தான். மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர், பாப்பாவை நான்காவதாக ஏற்றுக்கொண்டார்.

பாப்பா தூங்குவது மின்தொட்டிலில் மட்டும். இங்கே எல்லாரும் அதைப் புவாயான் என்போம். இரும்புச் சட்டத்தின் உச்சியில் மோட்டார் பெட்டி, அதிலிருந்து தொங்கும் சுருள்கம்பி, அதில் கட்டிய சாரோங் துணி. பெட்டிக்குள் நெம்புகோல் மேலும் கீழும் போய்வர, பிள்ளை ஆடும். நான்கு மாதம் ஓடிய பிறகு அது கத்த ஆரம்பித்தது. கிரீச், கிரீச் என்று, நிற்காமல்.

"எனக்கு மண்ட காயுது மா," என்றார் சாந்தி அக்கா. "டிவியில யாரு அழுவுறா, யாரு சிரிக்கிறா, ஒன்னும் கேக்கல. மத்த பிள்ளைங்க முழிச்சிக்கிதுங்க. சரி பண்ணிக் குடுங்க. இல்லன்னா கோவிச்சுக்காதீங்க, வேற ஆளப் பாத்துக்குங்க."

வேறு ஆள் இல்லை. விசாரித்த காப்பகங்களில் எல்லாம் இடமில்லை. சாந்தி அக்கா முடியாது என்றால் நான் வேலையை விட வேண்டும். ராஜினாமா கடிதத்தைத் தட்டச்சு செய்து கணினியில் வைத்துவிட்டேன். எதையும் முன்கூட்டியே செய்துவிடுவது என் வழக்கம். பிறகு ஒவ்வொரு நாளும் அதில் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மோட்டார் பெட்டியையும் சட்டத்தையும் காரில் போட்டுத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் பெட்டியைத் திறந்தார். உள்ளே எங்கள் தொழிற்சாலையில் செய்வது போன்ற ஒரு வெண்கல புஷ். அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பிசின் போல ஏதோ அப்பிக்கிடந்தது. மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

"தங்கச்சி, இது புஷ்ஷா, நேத்து வச்ச கொழம்பா?"

நான் கார் சாவியைத் தேடுவது போல் கைப்பையைத் திறந்தேன்.

"என்னா ஊத்துனீங்க?"

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை... கொஞ்சம்தான் அண்ணே."

"என்னா எண்ண?"

"சமையல் எண்ண."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. என்னைத் தெளிவாகப் பார்க்க விரும்பவில்லை போல.

"தானா எண்ண போட்டுக்குற புஷ் செய்யுற ஃபேக்டரில எஞ்சினியரு. நாலு மாசமா பாம் ஆயில் ஊத்தியிருக்கீங்க. துளையெல்லாம் அடச்சிருச்சு."

"கையேட்டுல எண்ண விடச் சொல்லல. அவங்க மறந்துட்டாங்களோன்னு..."

"அலாமாக்!" என்றார். அவர் மலாயில் கடவுளைக் கூப்பிடுவது இந்த அளவுக்கு மோசமான சமயங்களில்தான்.

புது புஷ் போட ஐந்து நிமிடம் ஆனது. கையை நீட்டினேன். தரவில்லை.

"டெஸ்ட்டு பண்ணாம எப்படி? உள்ள ஒரு உயிரு படுக்கப் போவுது. பாப்பா எத்தன கிலோ?"

"ஏழு கிலோ நானூறு."

"சட்டையோடயா, சட்ட இல்லாமயா?"

"சட்டையோட."

"பேம்பர்ஸ் ஈரமா, காஞ்சதா?"

பொறியாளராக இத்தனை துல்லியமான கேள்வி யாரும் என்னைக் கேட்டதில்லை. தாயாக எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அன்று மாலை பாப்பாவின் ஈர பேம்பர்ஸை மீன் நிறுக்கும் தராசில் வைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சோதனை தொடங்கியது. ஐந்து கிலோ அரிசி மூட்டை, மீதிக்குக் கழிவு புஷ்கள், ஈரத்துக்குத் தனியாக ஒரு தண்ணீர்ப் புட்டி. எல்லாவற்றையும் என் வீட்டு பாத்தேக் சாரோங்கில் போட்டுக் கட்டினார். தலைப்பக்கம் கனமாக இருக்க வேண்டுமென்று கழிவு புஷ்களை ஒரு முனைக்குத் தள்ளினார். எங்கள் சோதனைக்கூடத்தின் நடுவில் அரிசிப் பாப்பா ஆட ஆரம்பித்தது, சத்தமே இல்லாமல்.

திங்கட்கிழமைக்குள் செய்தி பரவிவிட்டது. துப்புரவு செய்யும் மலாய்க்கார அக்கா சாரோங்கை விலக்கிப் பார்த்து, அரிசியைக் கண்டு, அப்பா ஜாடை என்று அண்ணனைக் காட்டினார். பாதுகாவலர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மேலாளர் வந்தார்.

"இது எந்த கஸ்டமர்?"

"புது கஸ்டமர், பாஸ். ஏழு மாசம் ஆவுது," என்றார் அண்ணன். பொய் இல்லை. மேலாளர் தலையாட்டிவிட்டுப் போனார்.

"எப்ப அண்ணே முடியும்?"

"இருநூறு மணி நேரம்."

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. கீழ்மாடியிலோ சாந்தி அக்கா கூரைக் கொக்கியில் வேறொரு சுருள்கம்பியை மாட்டி, அதில் சாரோங் கட்டி, கயிற்றைக் கால் கட்டைவிரலில் முடிந்து ஆட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை அந்த விரலைக் காட்டினார். வீங்கியிருந்தது.

"நாளையோட சரி மா. என்னால முடியல."

வியாழக்கிழமை மதியம் நேராக அரிசிப் பாப்பாவிடம் போனேன். நான் பொறியாளர். இது என் தொட்டில். என் சாரோங், என் அரிசி. சுவிட்சில் கை வைத்தேன்.

அண்ணன் சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நின்றார். தடுக்கவில்லை.

"நூத்தி இருவத்தி நாலு மணி ஓடியிருக்கு," என்றார். "இப்ப நிறுத்துனா அது பூஜ்யம். உங்க இஷ்டம் தங்கச்சி."

"அண்ணே, அந்தக்கா பிள்ளையப் பாக்க மாட்டேன்றாங்க. எனக்கு வேலையே போயிடும். உங்களுக்குப் புரியலயா?"

"புரியுது. ஆனா டெஸ்ட்டு முடியாம எடுத்துட்டுப் போனா, நீங்க இங்க உக்காந்துகிட்டு நாள் பூரா 'ஓடுதா, ஓடுதா'ன்னு போன் பண்ணிக்கிட்டு இருப்பீங்க. எனக்கு உங்களத் தெரியும்."

எனக்கும் என்னைத் தெரியும். எப்போதோ குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்த டிஷ்யூவும் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதிக்கொடுத்தேன். கயிற்றை என் காலில் கட்டிக்கொண்டேன். சனிக்கிழமை கணவர் காலுக்கு அது மாறியது. சாந்தி அக்காவிடம் கெஞ்சி, திங்கட்கிழமைக்கு ஒரு நாள் மட்டும் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணன் பெக்கான் நானாஸிலிருந்து வந்து சோதனையை முடித்தார். தொட்டிலோடு இரண்டு பக்க அறிக்கையும் கொடுத்தார். தேய்மானம், மிகக் குறைவு. சத்தம், இல்லை. முடிவு, பாஸ்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு சாந்தி அக்கா கூப்பிட்டார். பின்னால் பாப்பா கதறுவது எனக்குக் கேட்டது.

"என்னா மா பண்ணிக் கொண்டாந்தீங்க? காலையிலேர்ந்து ஒரு கண்ணு தூக்கம் இல்ல! ஆடுது, சத்தமே இல்ல, பிள்ள மேலப் பாத்துப் பாத்து அழுவுது. அந்த கிரீச்சே பரவால்ல மா. அதக் கொண்டாந்து போடுங்க. இல்லன்னா இன்னிக்கோட முடிஞ்சிச்சு."

போனை வைத்தேன். வாரக்கணக்காக என் பிள்ளை அந்தக் கிரீச்சைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருக்கிறாள். அவளுக்கு அதுதான் தாலாட்டு. கணினியைத் திறந்து கடிதத்தில் தேதியை மாற்றினேன். இந்த முறை அச்சடிக்கவும் செய்தேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவருக்கு விளங்கவே இல்லை.

"கொஞ்சம் சத்தம் வருதா?"

"வரல அண்ணே. அதான் பிரச்சின."

"நல்லா ஓடுறது ஒரு கம்ப்ளெய்ண்டா?"

மாலை அவரே வந்தார். சாந்தி அக்கா வீட்டுக் கூடத்தில், வீங்கிய விரலுக்கும் அழுகிற பாப்பாவுக்கும் நடுவில் நின்று, ஸ்க்ரூடிரைவரை மோட்டார் பெட்டியில் வைத்துக் காதைக் கொடுத்தார். முகத்தில் ஒரு பூரிப்பு.

"கேட்டுப் பாருங்க. வெண்ண மாதிரி ஓடுது!"

"வெண்ணய நீங்களே கொண்டுபோயி வச்சிக்குங்க அண்ணே," என்றார் சாந்தி அக்கா. "எனக்குப் பழசு வேணும்."

அவர் பாப்பாவைப் பார்த்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்கி அழுதுகொண்டிருந்தாள். ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே என் பழைய புஷ், பழுப்புப் பிசினோடு.

"இதக் கழுவலயா அண்ணே?"

"ஆதாரத்த யாராச்சும் கழுவுவாங்களா?"

கெட்டுப்போன புஷ்ஷை நல்ல எந்திரத்தில் மாட்டும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பார்த்தேன். இருபது வருடத்துக்கும் மேலாகச் சத்தத்தை ஒழிப்பதையே வேலையாக வைத்திருந்த மனிதர். மூடியைத் திருகி, சுவிட்சைப் போட்டார்.

கிரீச். கிரீச்.

பாப்பா பாதி அழுகையில் நின்றாள். விக்கினாள். கண் மேலே போய், கீழே வந்து, சொருகியது. ஒன்பதாவது கிரீச்சுக்குத் தூங்கிவிட்டாள். நான் எண்ணினேன், அவரும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"இது ஒடஞ்சி பாப்பா விழுந்திடாதா?" என்று காதோடு கேட்டேன்.

"கொக்கி வேற, புஷ் வேற. இது போனா ஆட்டம்தான் நிக்கும்." அவரும் கிசுகிசுத்தார். என் கையிலிருந்த தாளை வாங்கி, பின்பக்கத்தில் பெருக்கி, வகுத்தார். "இன்னும் பதினோரு மாசம் தாங்கும். அதுக்குள்ள பாப்பா நடந்துரும்ல?"

"நடந்துருவா."

"அப்ப சரி. அவ முந்திக்குவா."

பிறகுதான் தாளைத் திருப்பிப் பார்த்தார். என் ராஜினாமா கடிதம். மேலிருந்து கீழ்வரை படித்தார். "இதுல கணக்குப் போட்டுட்டேன். இனிமே எனக்கு வேணும்," என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அச்சடித்தது அந்த ஒரு பிரதிதான். கணினியில் இருந்ததை மறுநாள் காலை நானே அழித்தேன்.

இரண்டு நாள் கழித்துத் திருத்திய அறிக்கை வந்தது. தேய்மானம், அதிகம். சத்தம், உண்டு. முடிவு, பாஸ். அவர் வாழ்நாளில் கெட்ட புஷ்ஷுக்கு 'பாஸ்' போட்டது அந்த ஒரு முறைதான். குறிப்பு என்ற இடத்தில் சின்ன எழுத்தில், 'கஸ்டமர் தூங்கினார்.'

பாப்பா ஒரு வயதுக்கு முன்பே நடந்தாள். செய்தி கேட்டதும் அவர் என்னை வாழ்த்தவில்லை, புஷ்ஷைக் கேட்டார். எடைபோட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் போட்ட கணக்குக்கும் உண்மைக்கும் நான்கு மில்லிகிராம்தான் வித்தியாசம். அன்று முழுக்க சீட்டியடித்துக்கொண்டே திரிந்தார்.

இப்போது ஓய்வுபெற்று பெக்கான் நானாஸில் இருக்கிறார். அவர் மனைவி போனில் பேசும்போது, வீட்டுக் கதவுகளெல்லாம் சத்தமில்லாமல் திறப்பதால் இவர் எப்போது வந்து பின்னால் நிற்கிறார் என்றே தெரிவதில்லை என்று திட்டுகிறார். பாப்பா பாலர் பள்ளிக்குப் போகிறாள். நான் இன்னமும் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள்தான்.

அந்தப் புஷ் என் அலமாரியில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. பாப்பாவின் முதல் வளையலும் அதில்தான். வளையலைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். புஷ்ஷுக்கு அடியில் எதுவும் விரிக்கவில்லை.